தெரிந்த சொல்லே காலை வாரும்!

– இயந்திரவியல் துறை, இறுதியாண்டு மாணவர்

 

ஆங்கிலம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு பயம். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, டிப்ளமோவில் சேர்ந்த முதல் வாரமே தலையணை கனத்தில் ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் என்னவென்று தெரியும். 'தெரியாத வார்த்தை ஆயிரம் இருக்கே, இதையெல்லாம் எப்பப் படிச்சு முடிக்கிறது?' என்றுதான் கவலைப்படுகிறோம்.

நான் சொல்ல வருவது வேறு. தெரியாத சொல்லால் வரும் ஆபத்து குறைவு. அது தெரியாது என்பது நமக்கே தெரியும். அகராதியைப் புரட்டுவோம், இல்லையென்றால் பக்கத்து பெஞ்சில் கேட்போம். உண்மையில் காலை வாருவது தெரிந்த சொல்தான்! 'இதுதானே, எனக்குத் தெரியுமே' என்று தாண்டிப் போய்விடுவோம். அங்கேதான் தேர்வில் மதிப்பெண் போகும். நேர்முகத் தேர்வில் வேலை போகும். பட்டறையில் சில சமயம் கையே போகும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் கடினமான சொற்களைத் தேடிப் போகப் போவதில்லை. நமக்கு ஏற்கெனவே தெரிந்த, தினமும் வாயில் புழங்குகிற சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எங்கே பொருள் மாறுகின்றன என்று பார்ப்போம்.

1. வீட்டில் ஒரு பொருள், வகுப்பில் ஒரு பொருள்

'மொமெண்ட்' என்றால் என்ன? 'ஒரு கணம்' என்று எல்லோரும் சொல்வோம். 'ஒன் மொமெண்ட் ப்ளீஸ்' கேட்காதவர் உண்டா? ஆனால் அப்ளைடு மெக்கானிக்ஸ் வகுப்பில் மொமெண்ட் என்றால் திருப்புத்திறன். விசையையும், அது அச்சிலிருந்து செயல்படும் செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் வருவது. ஸ்பானரை 0.2 மீட்டர் தள்ளிப் பிடித்து 100 நியூட்டன் விசை கொடுத்தால் 20 நியூட்டன் மீட்டர். அதே விசையை 0.4 மீட்டரில் கொடுத்தால் 40. இறுகிப்போன நட்டைக் கழற்ற ஸ்பானரில் பைப் மாட்டி நீளமாக்குகிறோமே, அதன் ரகசியம் இதுதான். இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றே: 'நகர்த்துதல்' என்ற லத்தீன் சொல். இதைத் தெரிந்துகொண்டால் மறக்காது.

'வொர்க்' அடுத்தது. 20 கிலோ டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்றால் வியர்த்துக் கொட்டும். ஆனால் அந்த அரை மணியில் பெட்டியின் மீது நீங்கள் செய்த வொர்க் பூஜ்யம்! விசையின் திசையில் நகர்வு இருந்தால்தான் வொர்க். கை வலித்ததற்கெல்லாம் இயற்பியலில் மார்க் கிடையாது.

'பவர்' என்றால் வீட்டில் அதிகாரம், செல்வாக்கு. 'அவருக்கு ரொம்பப் பவர்' என்போம். வகுப்பில் பவர் என்பது வேலை செய்யும் வேகம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயர மாடிக்கு ஏறினால் செய்யும் வேலை ஏறத்தாழ 1,470 ஜூல். 10 வினாடியில் ஏறினால் பவர் 147 வாட். 5 வினாடியில் ஓடி ஏறினால் 294 வாட். வேலை அதேதான், பவர் இரட்டிப்பு. வைவாவில் 'வொர்க்குக்கும் பவருக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்டால் இந்த மாடிப்படி உதாரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.

'ஃபெட்டீக்' என்றால் களைப்பு. இரும்புக்குக் களைப்பு உண்டா? உண்டு! ஒரே ஒரு முறை கொடுத்தால் தாங்கக்கூடிய சுமையையே லட்சக்கணக்கான முறை கொடுத்து எடுத்தால், உலோகத்தில் மெல்லிய விரிசல் தோன்றி, வளர்ந்து, ஒருநாள் முறிந்துவிடும். உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் 1952-ல் சேவைக்கு வந்தது. 1954-ல் ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலுக்கு மேலே நடுவானில் சிதறின. விமானத்தின் உடல்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். காரணம் உலோகக் களைப்பு என்று தெரிந்தது. 'மெட்டல் ஃபெட்டீக்' என்று பாடத்தில் இரண்டு வார்த்தையில் வருவதற்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கின்றன.

'எலாஸ்டிக்' என்றதும் ரப்பர் பேண்டு ஞாபகம் வரும். எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு எலாஸ்டிக் என்று நினைப்போம். பொறியியலில் எலாஸ்டிசிட்டி என்பது விசையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம். ஒரே அளவு நீட்டுவதற்கு எஃகுக்கு ரப்பரைவிடப் பல மடங்கு விசை வேண்டும். அதனால்தான் 'ரப்பரைவிட எஃகே அதிக எலாஸ்டிக்' என்று புத்தகங்கள் எழுதுகின்றன. சாதாரணப் பேச்சில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தேர்வில் இதைச் சொல்லாவிட்டால் மார்க் சிரிக்கும்!

2. இரட்டைப் பிறவிகள்

சில சொற்கள் ஜோடியாகத்தான் வரும். பேச்சில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பாடத்தில் அப்படி மாற்றினால் போச்சு.

ஸ்ட்ரெஸ் – ஸ்ட்ரெயின்: பேச்சு வழக்கில் இரண்டுமே மன அழுத்தம், சிரமம். ஆனால் ஸ்ட்ரெஸ் என்பது தகைவு. ஓரலகுப் பரப்பில் எவ்வளவு விசை என்பது. ஸ்ட்ரெயின் என்பது திரிபு. நீள மாற்றத்தை முதலில் இருந்த நீளத்தால் வகுப்பது. 100 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள 2 மீட்டர் எஃகுக் கம்பியில் 10,000 நியூட்டன் விசையைத் தொங்கவிட்டால் ஸ்ட்ரெஸ் 100 நியூட்டன்/சதுர மி.மீ. எஃகின் யங் மாடுலஸ் சுமார் 2,00,000 என்பதால் ஸ்ட்ரெயின் 0.0005. அதாவது கம்பி 1 மில்லிமீட்டர் நீளும். கவனியுங்கள்: ஸ்ட்ரெஸ்ஸுக்கு அலகு உண்டு, ஸ்ட்ரெயினுக்கு அலகே கிடையாது. சுமை காரணம், திரிபு அதன் விளைவு என்று மனதில் பதித்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஸ்ட்ரெங்த் – ஸ்டிஃப்னஸ்: முன்னது உடையாமலும் நிரந்தரமாக வளையாமலும் தாங்கும் வலிமை. பின்னது வளைந்துகொடுக்காத விறைப்பு. 'இந்த பீம் ரொம்பத் தொய்யுது, இன்னும் ஸ்ட்ராங்கான எஃகு போடுங்க' என்று ஒருவர் சொன்னால் அவர் இந்த ஜோடியில் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். மைல்டு ஸ்டீலுக்கும் ஹை டென்ஸைல் ஸ்டீலுக்கும் வலிமையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் யங் மாடுலஸ் ஏறத்தாழ ஒன்றே. அதனால் அதே அளவில் உயர்ந்த எஃகு போட்டாலும் அதே சுமைக்குத் தொய்வு குறையாது, செலவுதான் கூடும். பீமின் ஆழத்தைக் கூட்டினால்தான் தொய்வு குறையும். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பணம் எப்படி வீணாகும் பாருங்கள்.

ஹார்ட்னஸ் – டஃப்னஸ்: 'ஹார்டு', 'டஃப்' இரண்டையுமே 'கஷ்டம்' என்ற பொருளில் சொல்கிறோம். 'பேப்பர் டஃப்பா இருந்துச்சு' என்போம். ஹார்ட்னஸ் என்பது கீறலையும் பள்ளம் விழுவதையும் எதிர்க்கும் குணம். டஃப்னஸ் என்பது முறிவதற்கு முன்னால் ஆற்றலை உள்வாங்கும் குணம். கண்ணாடி ஹார்டு, ஆனால் டஃப் அல்ல. சுத்தியலால் ஒரு தட்டு, கதை முடிந்தது. உளியைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கி எடுத்தால் முனை ஹார்டாகும். அப்படியே பயன்படுத்தினால் சில்லு தெறிக்கும். அதனால்தான் மறுபடி அளவாகச் சூடாக்கி 'டெம்பரிங்' செய்கிறோம். கொஞ்சம் ஹார்ட்னஸைக் கொடுத்து டஃப்னஸை வாங்கிக்கொள்கிறோம். சோதனைகளும் அதனால்தான் வேறு வேறு. பிரினெல், ராக்வெல், விக்கர்ஸ் மூன்றும் ஹார்ட்னஸுக்கு. ஐஸாட், சார்ப்பி இரண்டும் அதிர்ச்சிச் சுமையில் டஃப்னஸுக்கு.

அக்யூரசி – பிரிசிஷன்: 25.00 மி.மீ. ஸ்லிப் கேஜை ஒருவர் மைக்ரோமீட்டரில் மூன்று முறை அளந்து 25.12, 25.12, 25.13 என்று எழுதுகிறார். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. ஆகவே பிரிசிஷன் நன்று. ஆனால் உண்மை அளவிலிருந்து விலகிவிட்டன. ஆகவே அக்யூரசி இல்லை. பூஜ்யப் பிழையைச் சரிபார்க்காத கருவியில் இப்படித்தான் வரும். 'எல்லாத் தடவையும் ஒரே ரீடிங் சார், கரெக்டாத்தான் இருக்கும்' என்ற வாதம் இங்கே எடுபடாது.

டாலரன்ஸ் – அலவன்ஸ்: டாலரன்ஸ் என்றால் வீட்டில் பொறுமை, சகிப்புத்தன்மை. அலவன்ஸ் என்றால் அரசு ஊழியருக்குக் கிடைக்கும் படி. பட்டறையில்? துளை 25.00 முதல் 25.02 வரை இருக்கலாம், ஷாஃப்ட் 24.97 முதல் 24.98 வரை இருக்கலாம் என்று வரைபடம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளையின் டாலரன்ஸ் 0.02, ஷாஃப்டின் டாலரன்ஸ் 0.01. ஒரே பொருளின் அளவில் நாம் சகித்துக்கொள்ளும் வித்தியாசம் இது. மிகச் சிறிய துளைக்கும் மிகப் பெரிய ஷாஃப்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 25.00-லிருந்து 24.98 போக மீதி 0.02, அலவன்ஸ். இரண்டு பொருட்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக நாமே வேண்டுமென்று விடும் இடைவெளி இது. சுருக்கமாகச் சொன்னால், டாலரன்ஸ் மனிதக் கைக்கும் இயந்திரத்துக்கும் கொடுக்கும் மன்னிப்பு. அலவன்ஸ் வடிவமைத்தவரின் திட்டம்.

3. உயிரோடு விளையாடும் சொற்கள்

இதுவரை பார்த்தது மதிப்பெண் விஷயம். இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கரண்ட்: 'கரண்ட் போச்சு', 'கரண்ட் வந்துடுச்சு' என்று நம் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். மின்சாரம் முழுவதற்கும் நமக்கு இந்த ஒரு சொல்தான். ஆனால் பாடப்படி கரண்ட் என்பது ஓட்டம் மட்டுமே. அதை ஓட வைக்கும் அழுத்தம் வோல்டேஜ். 'சுவிட்சை ஆஃப் பண்ணியாச்சு, பல்பு எரியல, அதனால கரண்ட் இல்லை' என்று ஒருவர் ஹோல்டருக்குள் விரலை விடுகிறார். அவர் சொன்னது உண்மைதான், அந்த நிமிடம் கரண்ட் ஓடவில்லை! ஆனால் வயரிங் செய்தவர் சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தால், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். விரல் பட்ட உடனே அவர் உடம்பே வழியாகி, அப்போது கரண்ட் ஓடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'கரண்ட் இருக்கா?' அல்ல, 'வோல்டேஜ் இருக்கா?' என்பதே. மெயினை அணைத்து, டெஸ்டர் முதலில் வேலை செய்கிறதா என்று பார்த்து, அப்புறம் சோதித்து, அதற்குப் பிறகே தொட வேண்டும்.

இதே துறையில் 'லைவ்' என்றால் மின்னழுத்தம் உள்ளது, 'டெட்' என்றால் இல்லாதது. நம் சிவில் நண்பர்களுக்கோ 'டெட் லோடு' என்றால் கட்டடத்தின் சொந்த எடை. 'லைவ் லோடு' என்றால் ஆட்கள், மேஜை நாற்காலி போன்ற வந்து போகும் எடை. ஒரே வளாகத்தில் இரண்டு பிளாக் தள்ளிப் போனால் சொல்லின் பொருளே மாறிவிடுகிறது.

எம்டி: காலி. இதைவிட எளிய சொல் உண்டா? பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) என்ற அமெரிக்கர் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு, தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். மொழி ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர். தீ விபத்துகளை ஆராய்ந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் நிரம்பிய டிரம்கள் உள்ள இடத்தில் தொழிலாளர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். 'எம்டி டிரம்' என்று பெயரிட்ட இடத்தில் அலட்சியமாக இருக்கிறார்கள், சிகரெட்கூடப் பிடிக்கிறார்கள். ஆனால் காலி டிரம்மில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து இருக்கும். நிரம்பிய டிரம்மைவிட அதுவே சுலபமாக வெடிக்கும்! 'எம்டி' என்ற சொல் 'உள்ளே ஒன்றுமில்லை, ஆபத்தும் இல்லை' என்று அவர்களின் மூளையில் எழுதிவிட்டது. வெல்டிங் ஷாப்பில் பழைய எண்ணெய் டிரம்மையோ பெட்ரோல் டேங்கையோ வெட்டவும் ஒட்டவும் எடுக்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவி, ஆவியை வெளியேற்றாத டிரம் எம்டி அல்ல.

இன்ஃப்ளேமபிள்: விஸிபிள் என்றால் தெரிவது, இன்விஸிபிள் என்றால் தெரியாதது. கரெக்ட் – இன்கரெக்ட். டைரக்ட் – இன்டைரக்ட். ஆகவே ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்கும், இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காது... சரிதானே? தவறு! இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பிடிக்கும். இங்கே வரும் 'இன்' இல்லை என்ற 'இன்' அல்ல. தீ மூட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து அப்படியே வந்தது. இந்தக் குழப்பத்தால் ஆபத்து வருமென்று 1920-களிலேயே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தினர் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என்று வலியுறுத்தினார்கள். ஆனாலும் லாரிகளின் பின்னாலும் டப்பாக்களின் மேலும் பழைய சொல்லை இன்றும் பார்க்கலாம். தீப்பிடிக்காதது என்பதற்குச் சரியான சொல் 'நான்-ஃப்ளேமபிள்'.

ஃபெயில்-ஸேஃப்: 'பழுதே ஆகாது' என்று பொருள் கொள்கிறோம். பழுதானாலும் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாகும் என்பதே பொருள். ரயிலின் ஏர் பிரேக் நல்ல உதாரணம். பிரேக் குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். பெட்டி கழன்று குழாய் அறுந்தால் அழுத்தம் போய், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழுது வந்தது, ஆனால் ரயில் நின்றது. அதுதான் ஃபெயில்-ஸேஃப்.

டேஞ்சர் – வார்னிங் – காஷன்: மூன்றுமே 'எச்சரிக்கை' என்று தாண்டிப் போகிறோம். இயந்திரங்களின் மேல் ஒட்டும் எச்சரிக்கைப் பலகைகளுக்கான அமெரிக்கத் தரத்தில் இவற்றுக்குப் படிநிலை உண்டு. டேஞ்சர்: தவிர்க்காவிட்டால் சாவோ பெருங்காயமோ நிச்சயம். வார்னிங்: அப்படி நேரக்கூடும். காஷன்: சிறு காயமோ நடுத்தரக் காயமோ ஏற்படக்கூடும். வெளிநாட்டு இயந்திரத்தின் கையேட்டைத் திறக்கும்போது எந்தச் சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகமே அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1977 மார்ச் 27, கனேரித் தீவுகளில் உள்ள டெனெரீஃப் விமான நிலையம். கடும் பனிமூட்டம். ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747. அதே ஓடுபாதையில் இன்னும் நகர்ந்துகொண்டிருந்த பான் ஆம் 747. கே.எல்.எம். விமானத்திலிருந்து 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் செய்தி போனது. புறப்பட்டு ஓட ஆரம்பித்துவிட்டோம் என்பது அவர்கள் சொன்னது. புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்பது கட்டுப்பாட்டு அறைக்குப் புரிந்தது. பதிலாக வந்த 'ஓகே' குழப்பத்தைக் கூட்டியது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், அவசரம், ரேடியோ இரைச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு விமானத் துறையில் ஒரு விதி வந்தது. உண்மையில் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கட்டிப்போட்டுவிட்டார்கள்!

4. ஷேல், ஷுட், மே

பள்ளியில் 'ஷேல்' என்றால் எதிர்காலம் என்று படித்தோம். 'ஐ ஷேல் கோ'. ஆனால் தர நிர்ணய ஏடுகளிலும் ஒப்பந்தங்களிலும் ஷேல் என்றால் கட்டாயம், மறுபேச்சு இல்லை. ஷுட் என்றால் பரிந்துரை, செய்தால் நல்லது. மே என்றால் அனுமதி, செய்யலாம். கேன் என்றால் இயலும்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456-ஐ (2000 பதிப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். தூணில் நெடுக்குக் கம்பிக்கு வெளியே கான்கிரீட் கவர் எவ்வளவு? 40 மி.மீ.க்குக் குறையவே கூடாது என்று 'ஷேல்' போட்டுச் சொல்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே, தூணின் மிகச் சிறிய பக்கம் 200 மி.மீ.க்கு மேற்படாமலும் கம்பி 12 மி.மீ.க்கு மேற்படாமலும் இருந்தால் 25 மி.மீ. வைக்கலாம் என்று 'மே' போட்டுச் சொல்கிறது. முதல் வாக்கியம் சட்டம், இரண்டாவது சலுகை. சைட்டில் யாராவது '25 போதும் தம்பி, புக்லயே இருக்கு' என்றால், 'எந்தத் தூணுக்கு?' என்று திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். கவர் குறைந்தால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் கான்கிரீட் வெடித்து உதிரும்.

5. கேள்வித்தாளில் உள்ள வினைச்சொற்கள்

பாடம் தெரிந்தும் மார்க் குறைந்ததா? பெரும்பாலும் கேள்வியின் முதல் சொல்லைக் கவனிக்காமல் விட்டிருப்போம்.

டிஃபைன் – வரையறை கூறு. ஒன்றிரண்டு வாக்கியம், அலகு இருந்தால் அலகு. கதை வேண்டாம்.
ஸ்டேட் – விதியையோ தேற்றத்தையோ உள்ளபடி சொல். நிரூபிக்கத் தேவையில்லை.
லிஸ்ட், எனுமரேட் – வரிசையாகப் பட்டியலிடு. விளக்கம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.
டிஸ்க்ரைப் – அமைப்பும் செயல்பாடும் எப்படி என்று வருணி.
எக்ஸ்ப்ளெயின் – ஏன், எப்படி என்று காரணத்தோடு விளக்கு.
டிஸ்டிங்விஷ் – வேறுபடுத்து. இரண்டு பத்தி கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒரே குணத்தை எதிரெதிரே எழுதுங்கள். இந்தப் பக்கம் விலையும் அந்தப் பக்கம் எடையும் எழுதினால் அது வேறுபாடு ஆகாது.
டிரைவ் – சூத்திரத்தைப் படிப்படியாகத் தருவி. இங்கே வண்டி ஓட்டுவதற்கு வேலையில்லை!
ஜஸ்டிஃபை – காரணம் காட்டி நிலைநாட்டு. 'ஆம்', 'இல்லை' மட்டும் எழுதினால் பாதி பதில்தான்.

கணக்குகளில் வரும் சின்னச் சொற்களும் முக்கியம். 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் மரியாதையாக அல்ல, முறையே. 'ஏ, பி ஷாஃப்டுகளின் விட்டம் முறையே 40, 50' என்றால் ஏ 40, பி 50. 'நெக்லெக்ட் ஃபிரிக்ஷன்' என்றால் உராய்வைக் கணக்கில் சேர்க்காதே. 'நாட் லெஸ் தேன்' என்றால் குறைந்தபட்சம். 'நாட் எக்ஸீடிங்' என்றால் அதிகபட்சம். 'சிம்ப்ளி சப்போர்ட்டடு பீம்' என்பதைச் 'சும்மா தாங்கப்பட்ட உத்தரம்' என்று யாராவது மொழிபெயர்த்தால் சிரிக்காதீர்கள், விளக்கிச் சொல்லுங்கள். முனைகள் இறுகப் பிணைக்கப்படாமல், தாங்கிகளின் மேல் இருந்தபடி திரும்ப இடமுள்ள உத்தரம் அது.

6. நம்ம ஊர் ஆங்கிலம்

நமக்குள் பேசும்போது எந்தக் கஷ்டமும் இல்லாத சில சொற்கள், வெளிநாட்டு நிறுவனத்தின் அதிகாரி முன்னால் உட்காரும்போது குழப்பும்.

'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நமக்குச் சந்தேகம் கேட்பது. அவர்களுக்கு 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று படும். 'ஐ ஹேவ் எ கொஸ்டியன்' என்று கேளுங்கள். 'அரியர்ஸ்' நமக்குத் தேறாத பாடம், அவர்களுக்குக் கட்டாத பாக்கிப் பணம். 'ஐ பாஸ்டு அவுட் இன் மே' என்றால் 'மே மாதம் மயங்கி விழுந்தேன்' என்றுகூடப் பொருள் கொள்வார்கள். ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு ஆங்கிலேயர் அதைச் சொல்வதுண்டு. நாம் 'ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ' என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும். 'கோப் அப் வித்' வேண்டாம், 'கோப் வித்' போதும். 'மைசெல்ஃப் குமார்' என்று ஆரம்பிக்காமல் 'மை நேம் இஸ் குமார்' என்று ஆரம்பியுங்கள்.

அதேபோல் இங்கிலாந்து ஸ்பானர் அமெரிக்காவில் ரெஞ்ச். இங்கிலாந்து எர்த் அங்கே கிரவுண்ட். பெட்ரோல் அங்கே கேஸோலின், பேச்சில் சுருக்கமாக 'கேஸ்'. இதில் எது சரி, எது தப்பு என்பதெல்லாம் இல்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதே விஷயம்.

7. சரி, என்ன செய்யலாம்?

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் சொல். இரண்டாவதில் வீட்டுப் பொருள். மூன்றாவதில் நம் பாடத்தில் உள்ள பொருள், அலகோடு. நான்காவதில் நீங்களே அமைத்த ஒரு வாக்கியம். நான்காவது கட்டம்தான் உயிர்நாடி. வாக்கியத்தில் போட்டுப் பார்க்காத சொல் இரவல் சட்டை மாதிரி, நம் உடம்புக்கு ஒட்டாது.

சொற்களைத் தனித்தனியாக எழுதாமல் ஜோடியாக எழுதுங்கள். ஸ்ட்ரெஸ்ஸை எழுதினால் பக்கத்திலேயே ஸ்ட்ரெயின். அக்யூரசியோடு பிரிசிஷன். வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தால் இரண்டுமே தெரிந்ததாக அர்த்தம்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று வைத்தால் 200 நாளில் 1,000 சொல். மூன்று வருடத்தில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதில் முதல் நூறு சொற்கள், உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் சொற்களாக இருக்கட்டும்.

தமிழில் படித்து வந்தோம் என்று யாரும் குறைப்பட வேண்டாம். தகைவு, திரிபு, திருப்புத்திறன், திறன் என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. மொமெண்டை ஒரு கணம் என்று குழப்பிக்கொள்ளும் கஷ்டம் தமிழில் கிடையாது. ஆங்கிலச் சொல் குழப்பும்போது தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதி இருட்டு விலகும்.

நாளைக்கு நாம் போய் நிற்கப்போகும் இடத்தில் பாய்லர் இருக்கும், பிரஸ் இருக்கும், உயரழுத்த மின்கம்பி இருக்கும். நமக்குக் கீழே நாலு பேர் வேலை பார்ப்பார்கள். கையேட்டை நாம் படித்துச் சொல்வதை நம்பி அவர்கள் இயந்திரத்தில் கை வைப்பார்கள். அந்த நாலு பேருக்காகவாவது, தெரிந்த சொல்லை இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொள்வோம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.